'குவார்ட்டர்ஸ் அவர் பேர்லதான் இருக்கு... நான் எங்கே போறது?' - குடும்ப வன்முறையிலிருந்து வெளியேறும் பெண்களுக்கான வழிகள்!

இரவு பன்னிரண்டு மணி. கைலாசபுரம் டவுன்ஷிப்பில் செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வந்த பைக் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. ஒரு குவார்ட்டர்ஸின் சமையலறையில், போன் வெளிச்சம் வெளியே தெரியாமல் துப்பட்டாவால் மறைத்தபடி, ஒரு பெண் தன் தோழிக்கு மெசேஜ் டைப் செய்கிறாள். 'இதுக்கு மேல தாங்க முடியாதுடி. ஆனா, புள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்கே போறது?'

கற்பனைக் காட்சிதான். ஆனால், அந்தக் கடைசிக் கேள்வி கற்பனை இல்லை. அடி வாங்கிக்கொண்டு ஒரு பெண் அதே வீட்டில் இருக்கிறாள் என்றால், 'ஏன் இன்னும் அங்கேயே இருக்கா?' என்று கேட்பது நமக்கு ஈஸி. அவளிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்... 'போக இடமில்லை.'

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) என்ன சொல்கிறது தெரியுமா? தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38 சதவிகிதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். இந்திய சராசரியோ 29 சதவிகிதம்தான். அதே ஆய்வின்படி, இந்திய அளவில் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டவர்கள் 14 சதவிகிதம் மட்டுமே. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு வாழ்கிறார்கள்.

திருச்சி போன்ற ஊரில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெல் நிறுவனத்துக்காக உருவான கைலாசபுரம், பொன்மலை ரயில்வே காலனி, துப்பாக்கித் தொழிற்சாலைக் குடியிருப்பு, போலீஸ் குவார்ட்டர்ஸ் என்று இங்கே பல குடும்பங்கள் வாழ்வது கணவரின் வேலையோடு ஒட்டிய வீடுகளில். வீடு அவர் பேரில். மருத்துவமனை வசதி அவர் வேலையால் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அவருடைய செக்‌ஷன் ஆள். 'அவரை விட்டா எனக்கு இந்த ஊரே கிடையாது' என்று ஒரு பெண் நினைப்பதில் ஆச்சர்யம் என்ன இருக்கிறது?

அதனால், 'எங்கே போவது' என்ற கேள்விக்குப் படிப்படியாகப் பதில் தேடலாம். முதல் பதிலே உங்களுக்கு ஆச்சர்யமாக இருக்கலாம்.

போகாமலே இருக்கலாம்... அதுவும் உங்கள் உரிமை!

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. இதில் 17-வது பிரிவு சொல்வது ரொம்ப சிம்பிள். கணவரோடு நீங்கள் வாழும் வீட்டில், அது யார் பேரில் இருந்தாலும், வசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. சட்டப்படியான நடைமுறை இல்லாமல் யாரும் உங்களை வெளியே தள்ள முடியாது.

இதை 'பகிர்ந்து வாழும் இல்லம்' என்கிறது சட்டம். சொந்த வீடு, வாடகை வீடு, கூட்டுக்குடும்ப வீடு எல்லாமே இதில் அடங்கும். கணவருக்கு ஏதோ ஒரு வகையில் உரிமை உள்ள வீடு என்றால் போதும். கம்பெனி ஒதுக்கிய குவார்ட்டர்ஸுக்கும் இந்த வாதத்தை வைக்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் தெளிவாக இருங்கள். இது வசிக்கும் உரிமை, சொத்துரிமை இல்லை. கணவர் ரிட்டயர் ஆன பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லும் நிறுவனத்திடம் இந்தச் சட்டத்தைக் காட்டி நிற்க முடியாது. ஆனால், 'வெளியே போடி' என்று கத்தும் கணவரிடம் காட்டலாம்.

19-வது பிரிவின்படி மாஜிஸ்திரேட் என்னென்ன உத்தரவு போடலாம் என்று பாருங்கள்.

* மனைவியை வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது.

* கணவர் அந்த வீட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

* கணவரின் உறவினர்கள் அவள் இருக்கும் பகுதிக்குள் நுழையக் கூடாது.

* வீட்டை விற்கவோ, அடமானம் வைக்கவோ கூடாது.

* நீதிமன்ற அனுமதி இல்லாமல் வீட்டின் மீதான உரிமையைக் கணவர் விட்டுக்கொடுக்கக் கூடாது.

* அதே தரத்தில் வேறு வீடு பார்த்துத் தர வேண்டும். அல்லது அதற்கான வாடகையைக் கொடுக்க வேண்டும்.

குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் ஐந்தாவது வரியை இன்னொரு முறை படியுங்கள். கேஸ் போட்டதும் கோபத்தில், 'நான் குவார்ட்டர்ஸை சரண்டர் பண்ணிட்டுப் போறேன், நீ ரோட்ல நில்லு' என்று மிரட்டுபவர்கள் உண்டு. அதைத் தடுக்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கத்தான் அந்த வரி.

'புருஷனை வீட்டை விட்டு அனுப்புவாங்களா? நடக்கிற காரியமா?' நடந்திருக்கிறது. 2022 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என்.மஞ்சுளா அளித்த தீர்ப்பு அதைத்தான் சொன்னது. கணவரை வெளியேற்றுவதுதான் வீட்டில் அமைதிக்கு ஒரே வழி என்றால், நீதிமன்றங்கள் அந்த உத்தரவைப் போடத் தயங்கக் கூடாது. அவருக்குத் தங்க வேறு இடம் இருக்கிறதா, இல்லையா என்பதுகூட தடையாகக் கூடாது என்றார் நீதிபதி.

'வீடு என் மாமியார் பேர்ல இருக்கே?'

பல வருடங்களாகப் பெண்களை முடக்கிப்போட்ட கேள்வி இது. 2006-ல் உச்ச நீதிமன்றமே, மாமனார், மாமியாரின் சொந்த வீட்டில் மருமகள் உரிமை கோர முடியாது என்று சொல்லியிருந்தது. 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடாக இருந்தாலும், நிலையாக அங்கே குடும்பம் நடத்தியிருந்தால் அது பகிர்ந்து வாழும் இல்லம்தான் என்றது தீர்ப்பு.

அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு. மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி மருமகளின் வசிப்பிட உரிமையை ஒரேயடியாகப் பறித்துவிட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். அதற்காக, இது அசைக்கவே முடியாத உரிமை என்றும் நினைத்துவிடாதீர்கள். வயதான பெற்றோரின் நிம்மதியையும் நீதிமன்றம் பார்க்கும். சில நேரம் 'அந்த வீட்டுக்குப் பதில் வேறு வீடு கொடு' என்று உத்தரவு வரலாம். எப்படியும், தெருவில் நிற்க வேண்டியதில்லை.

இன்னொன்று... இந்தச் சட்டம் மனைவிகளுக்கு மட்டும் இல்லை. அண்ணனிடம் அடிவாங்கும் தங்கை, மகனால் துன்புறுத்தப்படும் அம்மா, திருமணம் போன்ற உறவில் லிவ்-இன்னில் வாழும் பெண் எல்லோருக்கும் பொருந்தும். அடி, உதை மட்டும்தான் வன்முறை என்றும் இல்லை. பாலியல் கொடுமை, ஓயாத அவமானப் பேச்சு, சம்பள ஏடிஎம் கார்டைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் பட்டினி போடுவது எல்லாமே வன்முறைதான்.

இன்றைக்கு ராத்திரியே கிளம்ப வேண்டும் என்றால்?

உரிமை இருக்கிறது என்பதற்காக, உயிருக்கு ஆபத்தான வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. முதலில் பாதுகாப்பு, அப்புறம்தான் கேஸ்.

அடி விழுந்துகொண்டிருக்கும் நிமிடம் என்றால் 112. போலீஸ் வரும். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' ஆப்பிலும் அவசர பட்டன் இருக்கிறது. ஆலோசனை, தங்குமிடம், அடுத்து என்ன என்று பேச வேண்டுமென்றால் 181. பெண்களுக்கான இந்த உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. கட்டணம் இல்லை.

181-ல் பேசினால், அவர்கள் உங்களை 'சகி' எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள். மத்திய அரசு 2015-ல் தொடங்கிய திட்டம் இது. மாவட்டம்தோறும் மையம் உண்டு, திருச்சியிலும் இருக்கிறது. மருத்துவ உதவி, போலீஸ் உதவி, கவுன்சலிங், சட்ட ஆலோசனை என எல்லாம் ஒரே கூரையின் கீழ். குழந்தையோடு தற்காலிகமாக ஐந்து நாள்கள் வரை தங்கலாம்.

ஐந்து நாள் போதுமா? போதாது. ஆனால், மூச்சு விடவும், ஒரு வக்கீலிடம் பேசவும், அடுத்த இடத்தை முடிவு செய்யவும் அந்த ஐந்து நாள் உதவும்.

காயம் இருக்கிறதா? டிரீட்மென்ட் எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். கம்பெனி மருத்துவமனைக்குப் போனால் அவருக்குத் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், புத்தூரில் உள்ள அரசு மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனைக்குப் போகலாம். 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். நடந்ததைச் சொன்னால் அது பதிவாகும். அந்தச் சீட்டுதான் நாளை நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசும்.

மாதக்கணக்கில் தங்க இடம்

அடுத்த கட்டம், காப்பகம். முன்பு 'ஸ்வாதார் கிரே' என்று அழைக்கப்பட்ட இல்லங்கள், 2022-ல் வந்த மிஷன் சக்தி திட்டத்துக்குப் பிறகு 'சக்தி சதன்' ஆகியிருக்கின்றன. தங்குமிடம், சாப்பாடு, மருத்துவம், தொழிற்பயிற்சி எல்லாம் உண்டு. பெரும்பாலும் தன்னார்வ நிறுவனங்கள்தான் அரசு உதவியோடு நடத்துகின்றன.

காப்பகம் என்றதும் பலருக்கு வரும் மூன்று பயங்கள், அவற்றுக்கான பதில்கள் இங்கே.

'போலீஸ்ல கம்ப்ளெயின்ட் கொடுத்தாதான் சேர்த்துப்பாங்களா?' இல்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006-ம் ஆண்டு விதிகளின்படி, முன்கூட்டியே குடும்ப வன்முறை அறிக்கை பதிவாகவில்லை என்பதற்காகக் காப்பகம் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

'நான் இங்கே இருக்கிறது அவருக்குத் தெரிஞ்சிடுமா?' நீங்கள் கேட்டுக்கொண்டால், உங்கள் அடையாளத்தை வெளியே சொல்லவோ, நீங்கள் யார் மீது புகார் சொல்கிறீர்களோ அவரிடம் தெரிவிக்கவோ கூடாது. இதுவும் அதே விதிகளில் இருக்கிறது.

'பசங்களை என்ன பண்றது?' மகள்களைக் கூட வைத்துக்கொள்ளலாம். மகன்களுக்கு மட்டும் வயது வரம்பு உண்டு. டீன் ஏஜ் பையன் இருந்தால் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போன பிறகு 'பையனைச் சேர்க்க முடியாது' என்று கேட்டால் மனசு உடைந்துவிடும். இப்படி ஓர் அம்மா திரும்ப அதே வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

சென்னையில், 2001-ல் தொடங்கப்பட்ட பிசிவிசி என்ற தன்னார்வ அமைப்பு குடும்ப வன்முறையிலிருந்து மீண்ட பெண்களுக்காகவே வேலை செய்கிறது. ஊரைவிட்டுத் தள்ளிப் போவதுதான் பாதுகாப்பு என்றால் இப்படிப்பட்ட அமைப்புகளையும் யோசிக்கலாம். உலக அளவில் இந்த யோசனை புதிதும் இல்லை. 1971-ல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் பெண்களுக்காகத் திறக்கப்பட்ட ஒரு சின்ன வீடு, குழந்தைகளோடு ஓடிவந்த அம்மாக்களால் நிரம்பி வழிந்தது. அதன் பிறகுதான் பல நாடுகளில் இத்தகைய இல்லங்கள் பெருகின.

வேலை இருக்கிறதா? அப்போ இதைப் பாருங்கள்

சம்பாதிக்கும் பெண் என்றால் காப்பகம்தான் வழி என்று இல்லை. தமிழ்நாடு அரசின் 'தோழி' விடுதிகள் வேலைக்குச் செல்லும் பெண்களுக்கானவை. திருச்சியிலும் உண்டு. ஆன்லைனிலேயே அறை இருக்கிறதா என்று பார்த்து பதிவு செய்யலாம். குழந்தையோடு தங்க முடியுமா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியாக வாடகை வீடு? 'வீட்டுக்காரர் எங்கம்மா வேலை பார்க்கிறார்?' என்ற ஹவுஸ் ஓனரின் கேள்விதான் முதல் தடை. அம்மாவோ, அக்காவோ, உடன் வேலை பார்ப்பவரோ கூட வந்தால் பாதிப் பேச்சு குறையும். ஆனால், வாடகை ஒப்பந்தத்தை உங்கள் பெயரிலேயே போடுங்கள். இனி ஒரு முறை 'இது யார் வீடு?' என்ற கேள்வி வரவே கூடாது.

வாடகைக்குப் பணம்? இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு பிரிவு இருக்கிறது. 20-வது பிரிவின்படி ஜீவனாம்சம், மருத்துவச் செலவு, இழந்த வருமானம் எல்லாம் கேட்கலாம். நீதிமன்றம் உத்தரவிட்டும் கணவர் கொடுக்கவில்லையா? அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியை நேரடியாக உங்களுக்குத் தரும்படியோ, நீதிமன்றத்தில் கட்டும்படியோ அவர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கே மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மாதச் சம்பள ஊழியர்கள் நிறைந்த கைலாசபுரம் போன்ற ஊரில் இது எவ்வளவு பெரிய பலம் என்று யோசியுங்கள். இத்தனை நாள் உங்களைக் கட்டிப்போட்ட அதே வேலைதான், இப்போது உங்கள் வாடகைக்கு உத்தரவாதம்.

பிறந்த வீடு

பலரும் முதலில் போவது அம்மா வீட்டுக்குத்தான். முதல் வாரம் அணைத்துக்கொள்வார்கள். இரண்டாவது வாரம், 'எவ்வளவு நாள்மா இப்படி?' என்ற பேச்சு ஆரம்பிக்கும். மூன்றாவது வாரம் யாரோ சித்தப்பா சமாதானம் பேச வண்டி ஏறி வருவார்.

பெற்றோர்களே... 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்று நீங்கள் திருப்பி அனுப்புவது எங்கே என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மகள்களே... அந்த வீட்டில் நீங்கள் விருந்தாளி இல்லை. இந்து குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை என்று 2005 சட்டத் திருத்தம் சொல்கிறது. திருமணம் ஆனதால் அந்த உரிமை போய்விடாது. அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு என்றால் அது வேறு கணக்கு. அதற்கு வக்கீலிடம் கேளுங்கள்.

எங்கே மனு கொடுப்பது?

மாவட்ட சமூக நலத்துறையில் 'பாதுகாப்பு அலுவலர்' இருக்கிறார். உங்கள் புகாரை அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோவது அவருடைய வேலை. நேரடியாகவும் மனு செய்யலாம். திருவெறும்பூர், ஸ்ரீரங்கம், கோட்டை என மகளிர் காவல் நிலையங்களிலும் புகார் கொடுக்கலாம்.

வக்கீல் ஃபீஸ்? தேவையில்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. 15100-க்கு போன் செய்தாலே போதும்.

இன்னொரு நல்ல விஷயம். மதுரையிலோ, சென்னையிலோ கணவர் வீட்டிலிருந்து தப்பித்து திருச்சிக்கு வந்திருந்தால், வழக்குக்காக அந்த ஊருக்கே திரும்பிப் போக வேண்டியதில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு செய்யலாம்.

மனு கொடுத்தால் மூன்று நாள்களுக்குள் முதல் விசாரணை, 60 நாள்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுத்தடிக்கும் என்பதையும் மறைக்க வேண்டாம். அதனால்தான் மனுவோடு சேர்த்தே இடைக்கால உத்தரவைக் கேளுங்கள். அவசரம் என்றால், எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே அதைப் பிறப்பிக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம்.

கிளம்புவதற்கு முன்...

வன்முறை செய்பவரிடம், 'நான் போறேன்' என்று சவால் விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். வெளியேறும் நேரம்தான் ஆபத்து அதிகமான நேரம்.

* ஆதார், பான், பேங்க் பாஸ்புக், திருமணச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று, மருத்துவச் சீட்டுகள்... எல்லாவற்றையும் போட்டோ எடுத்து நம்பிக்கையானவருக்கு அனுப்பிவிட்டு, சென்ட் செய்ததை அழித்துவிடுங்கள். ஒரிஜினலை முடிந்தால் ஒரு தோழி வீட்டில் வையுங்கள்.

* நகைகளையும், பில்களையும் போட்டோ எடுங்கள். அவசரத்தில் விட்டுவிட்டு வந்தாலும், சீதனப் பொருள்களைத் திருப்பித் தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

* உங்கள் பெயரில் மட்டும் ஒரு பேங்க் அக்கவுன்ட், அவருக்குத் தெரியாத பின் நம்பர்.

* கூகுள் மேப்ஸில் லொகேஷன் ஷேரிங் ஆன் ஆகியிருக்கிறதா? வாட்ஸ்அப்பில் வேறு எந்த கம்ப்யூட்டரிலாவது உங்கள் அக்கவுன்ட் திறந்திருக்கிறதா? இரண்டையும் பாருங்கள். ஆனால், இப்போதே அணைத்தால் அவருக்குச் சந்தேகம் வரும் என்றால், கிளம்பும் நேரத்தில் அணையுங்கள்.

* 181-க்கு அழைத்த பிறகு கால் ஹிஸ்டரியை அழியுங்கள். முடிந்தால் வேறு ஒருவரின் போனிலிருந்து அழையுங்கள்.

அந்த மெசேஜ் உங்களுக்கு வந்தால்?

இதைப் படிக்கும் எல்லோரும் பாதிக்கப்பட்டவர்கள் இல்லை. ஆனால், அந்த மெசேஜைப் பெறப்போகும் தோழியாகவோ, தம்பியாகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ நீங்கள் இருக்கலாம்.

அப்போது, 'நான் அப்பவே சொன்னேன்ல' வேண்டாம். 'கொழந்தைக்காகப் பொறுத்துக்கோ' வேண்டவே வேண்டாம். அவருக்கு போன் போட்டு நியாயம் கேட்கிறேன் என்று கிளம்பவும் வேண்டாம். அந்தக் கோபம் அவள் மீதுதான் திரும்பும்.

'உன்னை நம்புறேன். இப்ப பாதுகாப்பா இருக்கியா?' என்று கேளுங்கள். 181-ஐ உங்கள் போனிலிருந்து அழையுங்கள். அவள் பையை உங்கள் பீரோவில் வையுங்கள். அவளுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையை முடிவு செய்யுங்கள். 'தோசை மாவு இருக்கா?' என்று மெசேஜ் வந்தால், உடனே 112-க்கு போன் போட வேண்டும் என்று அர்த்தம். ஒருமுறை திரும்பிப் போய்விட்டாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள். மறுபடி கூப்பிடும்போது எடுங்கள்.

'எங்கே போறதுடி?' என்று நள்ளிரவில் கேட்பவளுக்குச் சட்டப் பிரிவின் நம்பரெல்லாம் அப்போது தேவைப்படாது. 'முதல்ல இங்கே வா, மத்ததைக் காலையில பார்த்துக்கலாம்' என்ற ஒரு பதில் போதும். காலையில் பார்த்துக்கொள்ள வேண்டிய அந்த 'மத்தது' என்ன என்பது, இப்போது உங்களுக்குத் தெரியும்!